மேசைக்கு யார் பணம் தருகிறார்கள்? அமெரிக்க போர்டு கேம் கடைகளுக்குள் ஒரு வாடிக்கையாளர்

கேடான் என்ற போர்டு கேமின் பெட்டியை அமேசானில் வாங்கினால் பெரும்பாலும் சில டாலர் மிச்சமாகும். டார்கெட் போன்ற பெரிய கடைகளிலும் அது கிடைக்கிறது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும், சலவைக் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் ஒரு விளையாட்டுக் கடை இருக்கிறது. முன்பக்கம் அலமாரி நிறைய பெட்டிகள். கல்லாவுக்குக் கீழே, கண்ணாடிக்குள், ஒவ்வொன்றாக விலை ஒட்டிய கார்டுகள். பின்பக்கம் மடக்கு மேசைகளும் நாற்காலிகளும். வெள்ளிக்கிழமை மாலை போனால் முன்பக்கம் காலியாகவும் பின்பக்கம் உட்கார இடமில்லாமலும் இருக்கும்.

கடையின் இடத்தில் பாதியை அந்த மேசைகள் எடுத்துக்கொள்கின்றன. வாடகை, மின்சாரம், குளிர்சாதனம், கழிப்பறை சுத்தம், இரவு பத்து பதினொரு மணி வரை நிற்கும் ஊழியரின் சம்பளம் எல்லாம் அவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பெரும்பாலான கடைகளில் மேசைக்குக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்தும் விளையாடலாம். அந்தச் செலவெல்லாம் பெட்டியின் விலையிலும் கார்டு பாக்கெட்டின் விலையிலும் ஏறி வருகிறது. வாடிக்கையாளராக நமக்கு அங்கே கிடைக்கும் நல்லதும் கெட்டதும், அன்பான வரவேற்பும் எரிச்சலூட்டும் அலட்சியமும், பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

இது இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாகவே ஆடும் விளையாட்டு, 1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. அப்போது அதை விற்கத் தனிக் கடைகள் அதிகம் இல்லை. பொம்மை ரயிலும் விமான மாடலும் விற்ற பொழுதுபோக்குக் கடைகளில் ஒரு மூலையில் கிடந்தது. அந்த விளையாட்டுக்கு ஒரு குழு ஒரு முறை புத்தகம் வாங்கினால் போதும், அப்புறம் வருடக்கணக்கில் யார் வீட்டிலாவது உட்கார்ந்து விளையாடலாம். கடைக்காரருக்கு அதில் திரும்பத் திரும்ப வருமானம் குறைவு.

1993இல் வந்த மேஜிக்: த கேதரிங்தான் கடைகளின் கணக்கை மாற்றியது. கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த விளையாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டாகக் கார்டுகளை வாங்க வேண்டும். வருடத்துக்குப் பலமுறை புதிய தொகுப்பு வரும். எதிரே உட்கார ஒருவர் வேண்டும், கார்டு மாற்றிக்கொள்ளவும் ஆள் வேண்டும். பாக்கெட் விற்கும் இடமும் ஆள் கிடைக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் வசதி. இதை நன்றாகப் புரிந்துகொண்ட, மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000இல் ஃபிரைடே நைட் மேஜிக்கைத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவு என்றால் கடையில் போட்டி என்ற பழக்கம் அங்கிருந்து பரவியது. இன்று பல கடைகளில் சுவர் முழுக்க போர்டு கேம் பெட்டிகள் அடுக்கியிருந்தாலும், வாடகையைக் கட்டுவது கார்டு வியாபாரம்தான்.

வெள்ளிக்கிழமை டிராஃப்ட் என்ற போட்டியில் ஒரு புதியவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். வழக்கமாக எட்டுப் பேர் ஒரு மேசை. ஆளுக்கு மூன்று பாக்கெட். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் தள்ளுவார்கள். இரண்டாவது பாக்கெட் வலப்பக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடம். இப்படிச் சேர்ந்த கார்டுகளிலிருந்து நாற்பது கார்டு டெக் ஒன்றை, அதாவது ஆடுவதற்கான கட்டை, அமைத்து மூன்று சுற்று ஆட வேண்டும். நிலம் எனப்படும் அடிப்படைக் கார்டுகளைக் கடையே தரும். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருபது டாலரை ஒட்டி வரும். எடுத்த கார்டுகள் நமக்கே, ஜெயித்தால் கூடுதல் பாக்கெட். மூன்று நான்கு மணி நேரப் பொழுது, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு கட்டுக் கார்டு, எதிரே உட்கார்ந்த மூன்று புதிய மனிதர்கள் என்று பார்த்தால் சினிமா டிக்கெட்டைவிட மோசமில்லை. முதன்முதலாக இந்தக் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். டிராஃப்டில் எல்லோரும் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். பழைய ஆட்டக்காரர் வைத்திருக்கும் விலை உயர்ந்த கார்டுகள் அன்று அவருக்கு உதவாது.

இதற்கு நேர் எதிர் கமாண்டர். இன்று மேஜிக்கில் மிகப் பிரபலமான ஆட்டமுறை அதுதான். ஆளுக்கு நூறு கார்டு டெக், பொதுவாக நால்வர் சேர்ந்து ஆடுவது, ஓர் ஆட்டம் ஒன்றிரண்டு மணி நேரம் நீளும். கலகலப்பான ஆட்டம். ஆனால் ஒரு முறை டெக் கட்டிவிட்டால் அதையே மாதக்கணக்கில் எடுத்துவரலாம். டிராஃப்டில் ஒவ்வொரு வாரமும் பாக்கெட் விற்கும், கமாண்டர் இரவில் மேசை நிரம்பும், கல்லா நிரம்பாது. அதனால்தான் சில கடைகள் கமாண்டர் இரவுக்கு ஐந்து டாலர் வாங்கி, அதே தொகைக்குக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்கின்றன. அந்த ஐந்து டாலரைக் குறைசொல்லும் ஆட்டக்காரர்களைப் பார்க்கிறேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்து ஒரு சோடா மட்டும் வாங்குகிறவருக்கு அந்தக் கோபம் நியாயமில்லை என்பது என் கருத்து.

போட்டிக்குப் பேர் கொடுக்கும்போது கம்பேனியன் என்ற செயலியில் பதிவு செய்யச் சொல்வார்கள். புதியவருக்கு இது தொந்தரவாகத் தெரியலாம். ஆனால் விஸார்ட்ஸ் நிறுவனத்தின் கடை வலையமைப்பில் ஒரு கடையின் நிலை, அங்கே எத்தனை பேர் வந்து ஆடினார்கள் என்ற பதிவைப் பொறுத்தது. ஆகவே ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருப்பவர்கூட, பேர் பதிந்தால் கடைக்கு ஓர் உதவி செய்துவிடுகிறார்.

சரி, முதன்முறை கதவைத் திறந்து நுழைகிறவர் கதை என்ன? இங்கேதான் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம். நல்ல கடையில் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்து, என்ன விளையாட்டு பிடிக்கும், எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்று கேட்பார். வீட்டில் நான்கு பேர், எட்டு வயதுப் பிள்ளை, ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று சொன்னால் மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்து, மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார். சில கடைகளில் ஆடிப் பார்க்கவே பிரித்த பெட்டிகள் தனி அலமாரியில் இருக்கும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் புதிய விளையாட்டுகள் வரும் துறையில், இந்த ஐந்து நிமிட உரையாடலின் மதிப்பு அமேசானில் மிச்சமாகும் டாலர்களைவிடக் கூடுதல்.

மோசமான கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் தன் நண்பர்களோடு நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் அலமாரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியே போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இதை வெறும் மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தக் கடைகளைத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுப் பிரியர்கள், வியாபாரம் பழகியவர்கள் குறைவு. ஊழியர்களும் வாடிக்கையாளராக இருந்து கல்லாவுக்குப் பின்னால் போனவர்கள்தான். வழக்கமாக வரும் இருபது முப்பது பேர்தான் கடையின் ஆதாரம், அவர்களே நண்பர்களும். புதியவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். வட்டம் எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவுக்கு உள்ளே இருப்பவருக்குச் சுகம், வெளியே இருப்பவருக்குச் சங்கடம். மேசையைச் சுற்றி உருவாகும் எந்தக் கூட்டத்திலும் இந்த ஆபத்து உண்டு. அதைக் கவனித்துச் சரிசெய்வது உரிமையாளரின் வேலை, வழக்கமான ஆட்கள் அதைச் செய்யமாட்டார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கடைக்குள் நுழைந்த பெண்ணிடம், கூட வந்த ஆணுக்காக வாங்க வந்தீர்களா என்று கேட்பதும், விளையாடத் தெரியும் என்றால் பரீட்சை வைப்பதுபோல் கேள்வி கேட்பதும், கேட்காமலே ஒவ்வொரு நகர்வுக்கும் அறிவுரை சொல்வதும் பல பெண் ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அனுபவங்கள். எனக்கு இதில் சமாதானம் சொல்ல எதுவுமில்லை. இப்போது பல கடைகள் நடத்தை விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கின்றன, மீறுகிறவரை வெளியே அனுப்புகின்றன, பெண்களுக்கும் பால் புதுமையினருக்கும் தனி ஆட்ட இரவுகள் வைக்கின்றன. சுவரில் விதி இருக்கிறதா என்பதைவிட, பத்து வருடமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் தப்பாக நடந்தால் அவரை அனுப்பும் துணிச்சல் உரிமையாளருக்கு இருக்கிறதா என்பதுதான் ஒரு கடையை அளக்கும் கோல்.

நாற்றம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் கோடைக்காலத்தில் நாற்பது பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதுதான். யூ-கி-ஓ கார்டு விளையாட்டை வெளியிடும் கொனாமி, 2019இல் தன் போட்டி விதிகளிலேயே ஆட்டக்காரர் சுத்தமாக இருக்க வேண்டும், சுத்தமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று எழுதிச் சேர்த்தது. மீறினால் தண்டனையும் உண்டு. விஸார்ட்ஸ் நிறுவனமும் பிரீமியம் என்ற தகுதியைப் பெற விரும்பும் கடைகளிடம் வெளிச்சம், நாற்காலி, கழிப்பறை, அலங்காரம் எல்லாவற்றிலும் ஒரு தரத்தை எதிர்பார்க்கிறது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு பார்த்த கடைகளோடு ஒப்பிட்டால் இன்றைய கடைகள் கண்கூடாகத் துப்புரவாக இருக்கின்றன.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கடைகளுக்குள் போவது பெரும்பாலும் போகிமான் கார்டு விளையாட்டு வழியாகத்தான். பிள்ளை லீக் எனப்படும், கடையில் கூடி ஆடும் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும், பெற்றோருக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியாது. போகிமான் நிறுவனம் வயதுவாரியாகப் பிரிவுகள் வைத்திருக்கிறது. போட்டிகளை நடத்தும் பேராசிரியர்கள், ஆமாம் அதுதான் அவர்களின் பட்டம், தேர்வு எழுத வேண்டும், அமெரிக்காவில் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும். கவனம் வேண்டிய இடம் கார்டு மாற்றிக்கொள்ளும் நேரம். எண்பது டாலர் பெறும் கார்டை ஒரு சிறுவன் மூன்று பளபளப்பான சாதாரணக் கார்டுகளுக்குக் கொடுத்துவிடக்கூடும். பொறுப்பான கடைகள் பெரியவர்கள் சிறுவர்களோடு மாற்றிக்கொள்வதைத் தடுக்கின்றன, அல்லது ஊழியர் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அனுமதிக்கின்றன. முதல் நாளே கல்லாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாதங்களில் பிள்ளை தோற்றாலும் கைகுலுக்கக் கற்றுக்கொள்ளும், தன்னைவிடப் பெரியவரிடம் விதியைச் சுட்டிக்காட்டிப் பேசும். அதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் தகும்.

கார்டைக் கடையிடமே விற்பது இன்னொரு விஷயம், பலர் மனக்கசப்போடு வெளியே வருவது இதில்தான். இணையத்தில் நூறு டாலர் விலை காட்டும் கார்டைக் கொண்டுபோனால் கடை ரொக்கமாகத் தருவது பொதுவாகப் பாதியை ஒட்டித்தான் இருக்கும். பணமாக வேண்டாம், கடையிலேயே பொருளாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் கொஞ்சம் கூடுதல். ஏமாற்றுவதுபோல் தோன்றும். ஆனால் கடை அந்தக் கார்டின் நிலையைப் பார்க்க வேண்டும், போலியா என்று சோதிக்க வேண்டும், விற்கும் வரை வைத்திருக்க வேண்டும், இடையில் விலை விழுந்தால் தாங்க வேண்டும். அதே கார்டு மறுபதிப்பு வந்தால் ஒரே வாரத்தில் பாதியாகிவிடும். நேரம் இருப்பவர் தானே இணையத்தில் விற்கலாம், இல்லாதவர் கடையில் கொடுக்கலாம். விலை தெரியாமல் வந்த ஒருவரிடம், பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது என்று பெட்டியோடு வருபவரிடம், உள்ளே இருக்கும் மதிப்புள்ள கார்டைச் சொல்லாமல் மொத்தமாகச் சொற்பத்துக்கு வாங்குவதுதான் உண்மையான அநியாயம். நேர்மையான கடை அதை எடுத்துக் காட்டிவிட்டு விலை பேசும்.

இதே தொழிலில் முற்றிலும் வேறு வகையான கடை ஒன்றும் உண்டு. 1975இல் லண்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1978இல் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடையைத் திறந்தது. அப்போது அதுவும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உட்பட மற்றவர்களின் சரக்கை விற்ற கடை. 1983இல் சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் அதன் சொந்த விளையாட்டான வார்ஹேமர் வந்த பிறகு மெல்ல மெல்லத் தன் சொந்தச் சரக்கை மட்டும் விற்கும் கடையாக மாறியது. இன்று உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட கடைகள், பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு ஊழியர். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் குறியீட்டில் சேர்ந்தது. அந்த ஒரே ஊழியர்தான் வரவேற்பவர், ஆசிரியர், விற்பனையாளர் எல்லாம். நுழைந்ததும் பேச்சுக் கொடுப்பார், உட்காரவைத்து ஒரு சிறு பொம்மையைத் தந்து வண்ணம் பூசச் சொல்லிக்கொடுப்பார், அதை இலவசமாகவே எடுத்துப்போகலாம். அமெரிக்கத் தனிக் கடையில் கிடைக்கும் அலட்சியம் இங்கே கிடையாது. ஆனால் ஊழியர் விடுப்பில் போகும் நாளில் கடை பூட்டியிருக்கும், வேறு நிறுவனத்தின் பொம்மையையோ விளையாட்டையோ பற்றி அங்கே ஆலோசனை கிடைக்காது. கூச்சசுபாவம் உள்ள புதியவருக்கு முதல் வாசலாக இதைத் தயங்காமல் சொல்வேன், பத்து வகை விளையாட்டு ஆட விரும்புகிறவருக்குச் சொல்லமாட்டேன்.

மேசைக்கு நேரடியாகவே பணம் வாங்குவது மூன்றாவது வழி. 2010இல் டொராண்டோவில் திறந்த ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ் தலைக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு, சுவர் நிறைய இருந்த விளையாட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து ஆட விட்டது. காபியும் உணவும் தனி. விதிகளை விளக்கிச் சொல்லவே ஆட்களை வைத்திருந்தார்கள். அப்புறம் இந்தப் பாணி வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நன்றாகப் பரவியது. இங்கே வாடிக்கையாளர் யார் என்பதே மாறிவிடுகிறது. முதல் சந்திப்புக்கு வரும் காதலர்கள், பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம், அலுவலக நண்பர்கள் என்று விளையாட்டை வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் வருகிறார்கள். ஏதாவது வாங்க வேண்டுமே என்ற கூச்சம் இல்லை, வட்டத்துக்குள் நுழைய வேண்டியதும் இல்லை. பதிலுக்கு, தனியாகப் போனால் சேர்ந்து ஆட ஆள் கிடைக்காது. தனியாக வருகிறவருக்கு இடம் கொடுப்பது பழைய பாணிக் கடைதான்.

2025இல் இந்தக் கணக்கு எல்லாப் பக்கமும் இறுகியது. போர்டு கேம்களில் பெரும்பாலானவை சீனாவில் அச்சாகின்றன. ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்கள்மீது வரியை 145 சதவீதமாக்கியதும் பல வெளியீட்டாளர்கள் சரக்கை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். மே மாதம் வரி குறைந்தது, ஆனாலும் பெட்டி விலைகள் ஏறின. அதற்கு முன் ஜனவரியில், கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய விநியோகஸ்தரான அலையன்ஸின் தாய் நிறுவனம் டயமண்ட் திவால் பாதுகாப்புக் கோரியது. சொல்லிவைத்த விளையாட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டவர்களுக்குக் கடைக்காரரால் தேதி சொல்ல முடியவில்லை.

கார்டுகளில் நிலைமை நேர்மாறு. வாங்க ஆள் அதிகம், சரக்கு குறைவு. ஜனவரியில் வந்த போகிமான் தொகுப்பு ஒன்று அலமாரிக்கு வரும் முன்பே தீர்ந்தது. ஜூனில் வந்த மேஜிக்கின் ஃபைனல் ஃபேண்டஸி தொகுப்பு அந்த விளையாட்டின் விற்பனைச் சாதனைகளை முறியடித்தது. விஸார்ட்ஸ் 2019இல் பரிந்துரை விலையை நீக்கி, 2025 தொகுப்புகளுக்கு மறுபடி அறிவித்தது. ஃபைனல் ஃபேண்டஸியின் சாதாரண பாக்கெட்டுக்கு 6.99 டாலர் என்று அது சொன்னாலும் பல இடங்களில் அதற்கு மேல் போனது.

சந்தை விலைக்கு விற்றால் கடைக்கு உடனே லாபம். மொத்தமாக அள்ளி இணையத்தில் மறுவிற்பனை செய்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள். பரிந்துரை விலைக்கு விற்றால் வாரம் தவறாமல் வரும் ஆட்டக்காரர் மகிழ்வார், ஆனால் பாக்கெட் அவர் கைக்குப் போகும் என்று என்ன உத்தரவாதம்? இதற்குக் கடைகள் கண்டுபிடித்த வழிகள் பல. ஆளுக்கு இரண்டு பாக்கெட் என்ற வரம்பு. கல்லாவிலேயே உறையைப் பிரித்துக் கொடுப்பது, பிரித்ததை மறுவிற்பனைக்காரர் விரும்பமாட்டார் என்பதால். லீக்கில் ஆடிய பிள்ளைகளுக்கு மட்டும் அன்று பழைய விலையில் தருவது. இவற்றில் கடைசி வழி எனக்கு மிகவும் பிடித்தது, மேசையில் உட்கார்ந்தவருக்கே சலுகை போகிறது. இதனால் முதல்முறை வரும் ஒரு தாய் மகனுக்குப் பாக்கெட் கேட்டுக் கிடைக்காமல் திரும்பவும் நேர்கிறது. அப்படிப்பட்டவரிடம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், ஞாயிறு இரண்டு மணிக்கு லீக் இருக்கிறது, பையனை அழைத்து வாருங்கள், ஆட டெக் இல்லாவிட்டால் நாங்கள் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அடுத்த போர்டு கேமை அங்கேயே வாங்குங்கள்.